அறுபத்தொரு நாள் நைனா

கடலில் மீன் இனம் பெருகட்டும் என்று அரசாங்கம் ஆண்டுதோறும் ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடுகிறது. முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அதுகளை ஒரு வழிக்குக் கொண்டுவர அந்த அறுபத்தொரு நாள் மீனுக்குப் போதும் என்று யாரோ படித்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ரகுபதிக்கும் தன் இரண்டு குஞ்சுகளை வளர்க்க ஆண்டுக்கு அதே அறுபத்தொரு நாள்தான் கிடைக்கிறது. மீனுக்குப் போதுமானது தனக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று அவனுக்கு இதுவரை விளங்கவில்லை. மீனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, செல்போன் இல்லை, முக்கியமாகக் குணசுந்தரி மாதிரி ஒரு பெண்டாட்டி இல்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வான்.

மற்ற பத்து மாதமும் அவன் பாடு கடலில்தான். பத்துப் பன்னிரண்டு நாள் தங்கல், திரும்பி வந்தால் இரண்டு நாள் வீடு. அந்த இரண்டில் ஒன்றைத் தூங்கியே தீர்த்துவிடுவான். மிச்சமிருக்கும் ஒரு நாளில், பிள்ளைகள் போன தடவையைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவான். பிறகு மறுபடி கிளம்பிவிடுவான்.

படகில் அவனுக்குக் கீழே எட்டு ஆட்கள். ரகுபதி விரலை நீட்டினால் மடிவலை கடலில் இறங்கும், மடக்கினால் வலை இழுக்கிற விஞ்சு நிற்கும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அதே விரலை வீட்டில் நீட்டினால், அவன் எட்டு வயது மகள் பவானி கிட்டே வந்து, விரலில் என்ன காயம் என்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனாலும் மனிதன் சளைக்கவில்லை. இந்த ஆண்டு தடைக்காலம் தொடங்கிய மறுநாளே, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் உள்ள தன் வீட்டை ஒரு படகாக எண்ணி நிர்வாகத்தைக் கையில் எடுத்தான். காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். யார் தண்ணீர் பிடிப்பது, யார் பாய் சுருட்டுவது என்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். பத்தாவது போகப்போகிற மகன் விமல் அதை நின்று நிதானமாகப் படித்தான். "ம்" என்றான். போய்ப் படுத்துக்கொண்டான்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். விமல் அப்பன் தோளுக்கு மேல் நாலு விரல் போய்விட்டான். ஆனால் அவனுடைய தோஸ்துகள் வரிசையில் புதிதாக ஆள் எடுக்கிற உத்தேசம் ஏதும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்றாலும் ம், முடி வெட்டக்கூடாதா என்றாலும் ம், நான் பேசுவது காதில் விழுகிறதா என்றாலும் அதே ம்தான். நடுக்கடலில் வயர்லெஸ்ஸே இதைவிடக் கூடுதலாகப் பேசும் என்று ரகுபதி மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டான். நீ பதினஞ்சு வயசில் உங்கள் அப்பாவிடம் என்ன பேசினாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தான். அவன் ம் கூடச் சொன்னதில்லை.

அடுத்தது சமையல். குணசுந்தரிக்குத் தடைக்காலமெல்லாம் கிடையாது. தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகள் பக்கத்துக் கடலில் பிடித்து வருவதை ஏலத்தில் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவாள். அதனால் மத்தியானக் குழம்பை ரகுபதி ஏற்றுக்கொண்டான். நன்றாகவே வைத்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. என்ன ஒன்று, பதினெட்டு வருஷமாகப் படகில் ஒன்பது பேருக்குச் சமைத்த கை, நாலு பேருக்கு வைக்க மறுத்தது. ஒரு நாள் வைத்த சங்கரா மீன் குழம்பை மூன்று வேளை தாங்கள் தின்று, மூன்று மாடிக்குக் கொடுத்து, நாலாவது வேளை பாத்திரத்தைக் கண்டதும் விமல் முதன்முறையாக வாய் திறந்து முழுதாக ஒரு வாக்கியம் பேசினான். ரசம் வைக்கலாமே என்பதுதான் அந்த வாக்கியம்.

இதெல்லாம் ரகுபதி சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. அது மூன்றே சொல்லில் தினமும் முப்பது தடவை வந்தது.

முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அவன் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறான். ஆறடி ஆள், ஒளிந்திருக்கவில்லை. பவானி உள்ளே வந்தாள், அவனைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்தாள், வாசலை எட்டிப் பார்த்தாள்.

"நைனா, அம்மா எங்க?"

"யாவாரத்துக்குப் போய்கீது. இன்னா வோணும், நைனாவாண்ட சொல்லு."

"ஒண்ணும் இல்ல. அம்மா வரட்டும்."

சொல்லிவிட்டு, அவன் மடியில் கிடந்த போனையே எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். தண்ணி பாட்டில் மூடி திறக்க வரவில்லையாம். தெருத்தெருவாக மீன் கூடையோடு நிற்பவளிடம் பாட்டில் மூடியைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் அப்பன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு விரலால் நங்கூரக் கயிற்று முடிச்சைப் பிரிக்கிற அப்பன். ரகுபதிக்கு மனசு சுருக்கென்றது. உண்மையாகவே வலித்தது.

மறுநாள் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும்போது பாஸ்கலிடம் சொன்னான். பாஸ்கல் அவன் படகில் வலைக்குப் பொறுப்பான ஆள், மூன்று பெண்களைப் பெற்றவன். இந்த விஷயத்தில் ரகுபதியைவிட மூன்று மடங்கு அடிபட்டவன். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பேஜார் ஆவாத மாமு. என் மூணும் இந்நாள் வரிக்கும் என்னாண்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டாடி, ரிமோட்டு எங்க?"

ரகுபதிக்கு அதுகூடப் பொறாமையாக இருந்தது. அன்றைக்கு வலை மேல் கை வைத்துத் தனக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டான். தடைக்காலம் முடிந்து படகேறுவதற்குள் பவானி ஒரு தடவையாவது, அம்மாவை விட்டுவிட்டு, தன்னிடம் ஒரு உதவி கேட்டு வர வேண்டும். அவளாக வர வேண்டும். இவன் வலியப் போய்ச் செய்து கொடுப்பதெல்லாம் சேர்த்தி இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

சபதம் எடுப்பது சுலபம். அவள் வந்து கேட்கும்படி ஒரு சந்தர்ப்பம் அமைய வேண்டுமே. மூன்றாவது வாரம் அவனுக்கு ஒரு யுக்தி தோன்றியது. ஒரு மாலையில் வீட்டில் உள்ள மூடிகளையெல்லாம், பிஸ்கட் டப்பா, ஊறுகாய் பாட்டில், ஜாம் புட்டி ஒன்று விடாமல், தன் பலத்தைக் காட்டி முறுக்கி வைத்தான். இனி யாரிடம் போவாள் பார்க்கலாம் என்று மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். மறுநாள் விடியற்காலை ஏலத்துக்குக் கிளம்பிய குணசுந்தரி அவனை உலுக்கி எழுப்பினாள்.

"இன்னா மாமா, டீத்தூள் டப்பாவ வெல்டிங் வச்சிகிறியா?"

பவானியோ பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பனைத் தாண்டிக் கீழ் வீட்டுக்குப் போனாள். அங்கே தையல்கார வரலட்சுமி டப்பாவைக் கவிழ்த்துத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்துவிட்டாள். ரகுபதியின் யுக்தியால் லாபம் வரலட்சுமிக்கு நாலு பிஸ்கட்.

இப்படியே மே மாதமும் கரைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறக்கிற வாரமும் வந்தது. அந்தச் சனிக்கிழமை குணசுந்தரி தன் அக்கா மகள் வளைகாப்புக்குப் பழவேற்காட்டுக்குக் கிளம்பினாள். திங்கள் சாயங்காலம்தான் திரும்புவாள். போகும்போது ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், பவானி பள்ளிக்கூடத்துத் துணி விற்கிற கடை இருக்கிறது. ரெண்டு செட் மெரூன் பினோஃபார்ம் வாங்கி வைக்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்கு என்று படியிறங்கும்போது மூன்று தடவை சொன்னாள்.

பவானி வரமாட்டேன் என்றாள். துணிக்கடைக்கு அம்மாவோடுதான் போவாளாம். சனிக்கிழமை கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை. ஞாயிறு காலை அவள் டி.வி. பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் போய் ஒரு வலைக் கயிற்றை அவள் தோளில் வைத்துப் பிடித்தான். தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. வலைக்கு அளவெடுத்துப் பழகிய கைக்கு எட்டு வயதுப் பிள்ளை எம்மாத்திரம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புது வலை கட்டுகிறவன் எவனும் அளந்த அளவுக்கே கட்டமாட்டான். தண்ணீர் பட்டால் வலை சுருங்கும், பத்துக்கு ஒன்று கூட்டிப் போட வேண்டும். துணியும் துவைத்தால் சுருங்குமே என்று ரகுபதி ஒரு பங்கு கூட்டினான். பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவன் கடலுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் வளர்ந்து நிற்கிறாள். இன்னும் பதின்மூன்று நாளில் கிளம்பினால் அடுத்த தடைக்காலம் வரை எத்தனை தடவை போகிறானோ, அத்தனை விரற்கடை. அதையும் கூட்டினான். முழங்கால் முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கிப் போட்டான்.

எம்.சி. ரோட்டில் வடசென்னையே நின்றது. கடைக்காரர் பிள்ளையின் வயதை மட்டும் சொல்லச் சொன்னார். எட்டு என்றதும் ஒரு சைஸை எடுத்து நீட்டினார். ரகுபதி சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துப் பினோஃபார்ம் மேல் வைத்துப் பார்த்து, போதாது என்றான். அதற்கு மேல் ஒன்று வந்தது, அதுவும் போதவில்லை. கடைசியில் கடைக்காரர் பரண் மேல் ஏறி ஒன்றை இறக்கினார். இது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு ஆகும் சார் என்று எச்சரிக்கையும் செய்தார். நாற்பது பாக ஆழத் தண்ணீரில் மடி விடுகிறவனிடம் அளவைப் பற்றிப் பேசுகிறாயா என்று ரகுபதி மனசுக்குள் சிரித்துக்கொண்டான். ரெண்டு செட் வாங்கி, பஸ்ஸிலேயே துணியில் தொங்கிய விலைச்சீட்டையெல்லாம் பல்லால் கடித்துப் பிய்த்துப் போட்டு, நேர்த்தியாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பவானி அதைப் போட்டுப் பார்த்தாள். தோள் பட்டை முழங்கையில் வந்து உட்கார்ந்தது. அடி விளிம்பு கணுக்காலைத் தொட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனாலாவது குரங்கு என்று தெரியும், இது என்னவென்றே சொல்ல முடியவில்லை. விமல் கதவருகே வந்து நின்று பார்த்தான். ம் என்றுகூடச் சொல்லாமல் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

குணசுந்தரி உடனே கூப்பிட்டாள். முதல் இரண்டு நிமிஷம் சிரிப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. பின்னால் வளைகாப்புக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் போனைக் கைமாற்றிச் சிரிப்பதும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அதுக்குள்ள பவானி மட்டும்தான் கீறாளா, இல்ல வேற யாராச்சும் கூட நிக்கிறாங்களா?"

ஆனால் பவானி சிரிக்கவில்லை. அவள் முகம் கோணியது, உதடு நடுங்கியது, பிறகு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நாளைக்குக் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம். புது வகுப்பு, புது டீச்சர். இதைப் போட்டுக்கொண்டு போனால் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா எங்கே, அம்மா எப்போ வரும், அம்மாதான் வேணும் என்று ஒரே பாட்டு. ரகுபதிக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. நாற்பத்தெட்டு நாளாக அவள் தன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தான், கடைசியில் அவளை அழ வைத்ததுதான் மிச்சம். அந்த நேரத்தில் அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கடைக்குப் போன் போட்டான். சீட்டுப் பிய்த்ததை மாற்றமாட்டார்களாம், மாற்றினாலும் அவள் சைஸ் தீர்ந்துவிட்டதாம். ரெண்டையும் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டு வரலட்சுமியிடம் ஓடினான். அவள் தையல் மெஷினைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணியெல்லாம் குவிந்திருந்தது. குவியலுக்கு மேலே அவள் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. புதன்கிழமை வாண்ணா என்றது மூக்குக்கண்ணாடி. ஒன்றை அவளிடம் விட்டுவிட்டு, மற்றதோடு மேலே ஏறி வந்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. ரகுபதி பாயை விரித்து, பினோஃபார்மை அதன் மேல் பரப்பி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அது துணியாகத் தெரியவில்லை. வாய் அகலமாகவும் அடி நீளமாகவும் போன ஒரு மடியாகத் தெரிந்தது. மடி நீளமானால் என்ன செய்வோம், மடக்கிப் பிடிப்போம். இதை ஏன் இத்தனை நேரம் யோசிக்கவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டான். பரண் மேலிருந்த பையிலிருந்து தங்கூசி நரம்பை எடுத்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு நரம்பு, மீனையே ஏமாற்றுகிற சரக்கு. டீச்சர் எம்மாத்திரம்.

ஊசிதான் வம்பு செய்தது. குணசுந்தரியின் ரவிக்கை தைக்கிற ஊசி, அவன் விரல்களுக்கு நடுவே இருக்கிற இடமே தெரியவில்லை. ஐந்தாறு தடவை நரம்பைக் கோத்துப் பார்த்துத் தோற்றான். மூலையில் விசும்பிக்கொண்டிருந்த பவானி ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி மூலைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து விசும்பினாள். வலை தைக்க எதிர்ப் பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவன் விமலைப் பார்த்தான். ஆனால் துணியின் மறுமுனையைப் பிடித்ததும் பவானிதான். அழுகை எந்த முடிச்சில் நின்றது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

"இது பிரிஞ்சிடாதா?" என்றாள்.

"இந்த முடிச்சுல சொறா மாட்னாலும் பிரியாது."

"எங்க கிளாஸ்ல சொறா இல்ல."

இதை அவள் தன்னிடம் கேட்டதாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று ரகுபதி தைத்துக்கொண்டே யோசித்தான். தப்பு செய்தவன் திருத்திக்கொண்டிருக்கிறான், இதில் பெருமை என்ன என்று நியாயம் பார்த்து விட்டுவிட்டான். விளிம்பை மூன்று மடிப்பு மடித்து, தோளை உள்ளே தள்ளி, பக்கவாட்டில் பிடித்து, நரம்பின் முனைகளை ஊதுவத்தி நெருப்பில் சுட்டு உருக்கி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. போட்டுப் பார்த்தாள். சரியாக முழங்காலில் நின்றது. நடந்தால் கொஞ்சம் சரசரத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரெட்டைச் சடையும் அவன் கையால்தான். கயிறு பின்னத் தெரிந்தவனுக்கு மூன்று பிரி என்ன கஷ்டம். கொஞ்சம் இறுக்கிவிட்டான் போலிருக்கிறது. அன்றைக்குப் பூராவும் பவானி எதையோ கண்டு வியந்த மாதிரி புருவம் தூக்கியபடியே இருந்தாள். டி.வி.எஸ். ஐம்பதில் கொண்டுபோய் விட்டவன், மூன்றரைக்கே போய்ப் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே நின்றான். யாரும் சிரித்தார்களா, தையல் நின்றதா, சூப்பர் நைனா என்று ஒரு வார்த்தை வருமா. அவள் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா வந்துட்ச்சா?" என்றாள்.

குணசுந்தரி அன்று மாலை வந்தாள். விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள், சரியாகத் தைக்கலாம் என்று பிரிக்க முயன்றாள், கத்தரிக்கோல் வழுக்கியதுதான் கண்ட பலன். இதைப் பிரிக்க உங்கள் படகு ஆட்கள் எட்டுப் பேரும் வரவேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள். புதன்கிழமை வரலட்சுமி தைத்ததும் வந்து சேர்ந்தது. வீடு பழையபடி ஆனது. முப்பது தடவை அம்மா எங்கே, முப்பது தடவை ஒண்ணும் இல்லை, அம்மா வரட்டும்.

மீதி நாட்களில் ரகுபதி சபதத்தைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டான். கடலில் மீன் இருக்கிற இடத்தைக் கருவி காட்டுகிறது, பிள்ளை மனசுக்கு அப்படி ஒரு கருவியை எவனும் கண்டுபிடிக்கவில்லை. வலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், விழுந்தால் விழும். இவன் வருஷத்தில் பத்து மாதம் உட்காரவே இல்லையே, அப்புறம் பிள்ளையைக் குறை சொல்லி என்ன. இப்படி ஒரு ஞானம் வந்தது. ஞானம் வந்தும் மனசு ஆறவில்லை.

அறுபத்தொன்றாவது நாள் சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குள் நல்ல நேரத்தில் படகில் கற்பூரம் ஏற்றிவிட வேண்டும், தடை நீங்கியதும் கிளம்பிவிடுவார்கள். ஐஸ் ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது, எட்டுப் பேரும் படகில், நீ மட்டும்தான் பாக்கி மாமு என்று ஐந்து மணிக்கே பாஸ்கல் போன் செய்துவிட்டான். பூஜைக்கு வருவதற்காகக் குணசுந்தரி குளிக்கப் போனாள். ரகுபதி பையில் லுங்கிகளை அடுக்கும்போது அடியில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. விமலின் பவர் பேங்க். அவன் யாருக்கும் தொடக்கூடக் கொடுக்காத சாமான். ரகுபதி நிமிர்ந்து மகனைப் பார்த்தான். அவன் போனிலிருந்து கண்ணெடுக்காமல் ம் என்றான். ரகுபதியும் ம் என்றான்.

அப்போது பவானி உள்ளே வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள், வாசலை எட்டிப் பார்த்தாள், கடைசியாக அப்பனைப் பார்த்தாள்.

"நைனா, அம்மா எங்க?"

கடைசி நாளும் இப்படித்தான் முடிய வேண்டுமா என்று இருந்தது அவனுக்கு. ஜிப்பை இழுத்து மூடினான்.

"குளிச்சிகினு கீது. கூப்பிடவா?"

"ஐயோ, கூப்பிடாத நைனா."

கிட்டே வந்து, பின்னால் இருந்ததை எடுத்து அவன் மடியில் போட்டாள். மெரூன் பினோஃபார்ம். இடுப்பிலிருந்து கீழே வரை ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. நேற்று சாயங்காலமே கிழிந்து, ராத்திரி முழுக்கப் பாய்க்கு அடியில் ஒளிந்திருந்த கிழிசல். தன் தையல் விட்டுவிட்டதோ என்றுதான் ரகுபதி முதலில் நினைத்தான்.

"இது வரலட்சுமிக்கா தச்சது," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உன்னுது பிரியல நைனா. வியாயக்கெழம ஸ்கூல் கேட்டு மேல ஏறினப்ப உன்னுதுதான் கம்பில மாட்டிகிச்சி. நானே தொங்குனேன். அப்பக்கூட பிரியல. நேத்து இத்த போட்டுகினு ஏறினேனா, சர்ருனு கிழிஞ்சிபோச்சி. அம்மா பாத்தா அவ்ளோதான். அது வர்றதுக்குள்ள நீ தச்சிக் குடு."

கேட்டு மேல் ஏறியதற்குத் திட்டுவதா, கம்பியில் தொங்கியதை நினைத்துப் பயப்படுவதா, தன் தையல் பிள்ளையைத் தாங்கியதே என்று துள்ளுவதா என்று ரகுபதிக்குப் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. இனி கேட்டு மேல் ஏறக்கூடாது என்று எப்படியோ கண்டிப்பாகச் சொன்னான். அவள் சரி சரி என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே கோத்து வைத்திருந்த ஊசியை நீட்டினாள். தங்கூசி நரம்பை அவளே பரணிலிருந்து எடுத்திருக்கிறாள்.

போன் அடித்தது. எங்கே இருக்கிறாய் என்று பாஸ்கல் பதறினான். பதினெட்டு வருஷத்தில் ரகுபதி ஒரு தடவைகூடப் படகைக் காக்க வைத்ததில்லை.

"வலை கிழிஞ்சிபோச்சி பாஸ்கல். தச்சிகினு கீறேன். பத்து நிமிசம் நில்லு."

வலை படகில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று பாஸ்கல் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தான். பவானி எதிரே உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தாள். ஒரு காது குளியலறைப் பக்கம் இருந்தது. விமல் கேட்காமலே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் குளியலறை வழியை மறைத்துக்கொண்டு நின்றான். ரகுபதியின் கை பறந்தது. கடைசி முடிச்சைப் போட்டு, நரம்பைப் பல்லால் கடித்த நேரம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பவானி பினோஃபார்மைச் சுருட்டித் தன் அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

குணசுந்தரி தலையில் துண்டோடு வந்து நின்றாள். நேரமாகியும் பாயில் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்தாள், அவன் எதிரே ஒட்டி உட்கார்ந்திருக்கிற மகளைப் பார்த்தாள்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

பவானி அப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மாவிடம்.